எந்தப் பரவாயில்லை?

ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அங்கே நீங்கள் எல்லோரும் நலம் என்று நீ போனில் சொன்னதில் பாதியைத்தான் நம்புகிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். போன் என்றால் "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கீழே வைத்தாலும் அங்கேயே கிடந்து, போகும்போதும் வரும்போதும் உன் கண்ணில் படும்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாயைத் தானே சரிசெய்வதாக உன் அத்தான் கிளம்பினார். சொட்டிக்கொண்டிருந்த குழாய் இப்போது ஒழுகுகிறது. உன் மருமகள் கார் ஓட்டப் பழகுகிறாள். முன்னால் போவதெல்லாம் நன்றாகத்தான் போகிறாள். பின்னால் எடுத்தபோது நம் வீட்டு கேட்டை இடித்துவிட்டு, "இந்த கேட்ட யாரு இங்க வெச்சது?" என்று என்னையே கேட்கிறாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடிபட்டவர்களைப் பார்ப்பதுதானே உன் உத்தியோகம், கேட்டையும் கொஞ்சம் கவனி என்று என்னிடம் சொல்கிறார் அத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் மனைவி எனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவளைத் திட்டாதே. அவள் சொல்லாவிட்டால் நானே கேட்டுப் பிடுங்கியிருப்பேன். அடிபட்ட கை சரியாகும்வரை லிஃப்ட் மேல் ஏறி ரிப்பேர் வேலை பார்க்க வேண்டாம், அலுவலகத்தில் உட்கார்ந்து போன் எடுக்கும் வேலையைப் பாருங்கள் என்று உன் கம்பெனியில் சொன்னார்களாம். முடியாது என்று நீ முறுக்கிக்கொண்டாயாம். மாதக் கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுக்கப் போகிறாயாம். "ஸ்பானர் புடிச்ச கையி, போன் புடிக்கணுமா?" என்று கேட்டாயாமே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சினிமாவில் சொன்னால் கை தட்டுவார்கள்.

நீ எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு என்று கேட்டுக்கொள்கிறேன். படித்த பிறகும் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் உன் இஷ்டம். (இப்படி எழுதிவிட்டேனே தவிர, உன் இஷ்டத்துக்கு விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.)

என் வேலையைப் பற்றி நீ ஒழுங்காக ஒருநாளும் கேட்டதில்லை. பல் டாக்டர் வீட்டு வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள், இந்த வயதில் படித்து என்ன கிழிக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பாய். படித்தேன், தேறினேன், வேலையும் கிடைத்தது. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டு வீட்டில் இருப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கும் டாக்டருக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்று, மூன்று பேரையும் பேச வைத்து, ஆளை மறுபடி வேலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. யார் மேல் தப்பு என்று நாங்கள் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு இவரால் என்ன செய்ய முடியும், நாளைக்கு என்ன முடியும் என்பது மட்டுமே எங்கள் கேள்வி. கேட்பதற்கு எளிதாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, அடுப்பு மாஸ்டரைப் பார்க்கும்வரை.

அவர் பெயரை எழுத மாட்டேன், எங்கள் தொழிலில் அது தப்பு. அவர் வேலை செய்யும் பேக்கரியிலேயே எல்லோருக்கும் அவர் அடுப்பு மாஸ்டர்தான். வண்டி நிறைய ரொட்டித் தட்டுகள் சாயப் போனபோது வலது கையை நீட்டித் தாங்கிப் பிடித்திருக்கிறார். தட்டுகள் பிழைத்தன. தோளுக்குள் இருக்கும் தசைநார் கிழிந்துவிட்டது. அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்தது, என் முதல் கோப்பு. வாரா வாரம் நான் போன் செய்து, "தோள் எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று கேட்பேன். வாரா வாரம் அவர், "பரவாயில்லம்மா" என்பார். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் கேட்க வேண்டும் என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதையும் கேட்டேன். "நம்பரெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, நீங்களே பாத்து ஏதாவது போட்டுக்கங்க" என்றார்.

நானும் பார்த்துப் போட்டுக்கொண்டேன். 'பரவாயில்லை என்கிறார், நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். அதை நம்பி டாக்டரும் தலையாட்டினார், முதலாளியும் மகிழ்ந்துபோய் மாஸ்டரை முழு நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டார். முதல் நாள் காலையிலேயே, அடுப்பின் மேல் தட்டுக்குள் ரொட்டியைத் தள்ளுவதற்குக் கையைத் தூக்கியிருக்கிறார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. ரொட்டியெல்லாம் தரையில் உருண்டது, மாஸ்டர் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். தோள் மறுபடி வீங்கிவிட்டது.

எங்கள் மேலதிகாரி அம்மாளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் எக்ஸ்ரே. பார்த்தால் எலும்பு வரை தெரிந்துவிடும். அன்றைக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். அவர் கோபப்படவில்லை. நான் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "பரவாயில்லன்னு எழுதியிருக்கீங்க. வலி பரவாயில்லயா, இல்ல, வலிச்சாலும் பரவாயில்லயா?"

தம்பி, பிறந்ததிலிருந்து பேசுகிற வார்த்தை. காய்ச்சல் விட்டாலும் பரவாயில்லை என்கிறோம், காய்ச்சல் கொதித்தாலும் பரவாயில்லை என்கிறோம். சாப்பாடு நன்றாக இருந்தாலும் பரவாயில்லை, வாயில் வைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் நொண்டிக்கொண்டே பரவாயில்லை. இத்தனையில் மாஸ்டர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்கள் வேலையில் நமக்கு வராமலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு வலியைக் கேட்டால் போதாது, வாழ்க்கையைக் கேட்க வேண்டும் என்று எக்ஸ்ரே அம்மாள் சொன்னார். என்னைக் கையோடு மாஸ்டர் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

சின்ன வீடு, துடைத்து வைத்த மாதிரி சுத்தம். தேநீர் வந்தது. மாஸ்டர் இடது கையால் வாங்கினார். வலது கை விருந்தாளி மாதிரி மடியிலேயே உட்கார்ந்திருந்தது. சட்டை யார் போட்டுவிடுவது என்று கேட்டேன். அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடிபட்ட நாளிலிருந்து நான்தான் என்றார். சட்டையைப் பார்த்தேன், பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று போட்டிருந்தன, அவசரத்தில் அந்த அம்மாள் செய்த வேலை. தலை வாரிக்கொள்ள முடிகிறதா என்று கேட்டேன். மாஸ்டர் இடது கையால் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, "அந்தக் கஷ்டத்த கடவுளே கொறச்சுட்டாரும்மா" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்த பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது. அடுப்பில் இப்போது ஒரு புது ஆள் நிற்கிறான், கெட்டிக்காரன். வலிக்கிறது என்று இவர் சொன்னால் அந்த இடம் அவனுக்கே நிலைத்துவிடும். அதனால்தான் அத்தனை பரவாயில்லை.

முதலாளியிடம் போனோம். நல்ல மனிதர்தான், ஆனால் பிடிவாதம். முழுசாகக் குணமான பிறகு வரட்டும், பாதி ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "ஆளு முழுசாத்தான் வர்றாருங்க, தோளுதான் பாதி" என்றேன். எக்ஸ்ரே அம்மாள் இருமுவது மாதிரி சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் விடியற்காலையில் நானே போய் பேக்கரியில் ஓர் ஓரமாக நின்றேன். பாடத்தில் படித்ததில் உருப்படியாக மனத்தில் நின்றது இதுதான், வேலையைக் காகிதத்தில் பார்க்காதே, நடக்கிற இடத்தில் போய்ப் பார். அந்த அடுப்பு மூன்று தட்டு. மேல் தட்டுக்குக் கை தோளுக்கு மேலே போக வேண்டும். நடுத்தட்டு இடுப்பு உயரம், கீழ்த்தட்டு முழங்கால் உயரம். ஆக, மாஸ்டருக்கு முடியாதது அடுப்பு வேலை இல்லை, அந்த ஒரு மேல் தட்டுதான். டாக்டருக்குப் படம் வரைந்து காட்டினேன். சரி, நடுத்தட்டு மட்டும், அதுவும் காலை நேரம் மட்டும், ரொட்டி தள்ளும் நீளக் கட்டை இல்லாமல் குட்டைக் கட்டையால் என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

இதற்கு மாஸ்டர் சந்தோஷப்பட்டார் என்று நினைக்கிறாயா? உன்னை மாதிரியேதான். "அடுப்புல பாதிய குடுத்தா அவன் எப்படிம்மா மாஸ்டர்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு நாள் காலை வந்து நின்று பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் போய்விடுங்கள் என்றேன். வந்தார். மேல் தட்டில் புது ஆள் ரொட்டியைக் கருக விட்டபோது இவர் போட்ட சத்தம் தெரு வரைக்கும் கேட்டதாம். இந்த மனுஷன் வீட்டில் இருந்தபோது நிம்மதியாக இருந்தேன் என்று முதலாளி எனக்குப் போன் செய்து புலம்பினார். புலம்பலில் அத்தனை சந்தோஷம். இப்போது மாஸ்டரின் கை காது வரைக்கும் போகிறது. மேல் தட்டு இன்னும் இல்லை. எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார், ஒழுங்காகவும் போடுகிறார்.

இப்போது நீ. உன் வலது கையை லிஃப்ட் கதவு இழுத்ததும், இரண்டு விரலின் நரம்பைத் தைத்ததும் எனக்குத் தெரியும். கட்டுப் பிரித்த பிறகு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டேன். பரவாயில்லக்கா என்றாய். எந்தப் பரவாயில்லை? அதை நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாய். அதனால் இங்கே கேட்கிறேன். பூட்டில் சாவியைத் திருப்ப முடிகிறதா? பொத்தான்? தண்ணீர்ச் செம்பு? உன் மகள் ஓடி வந்தால் தூக்குகிறாயா? அவள் ஓடி வருவதைப் பார்த்ததும் நீ போய் உட்கார்ந்துகொள்கிறாயாம், தூக்க வேண்டி வராமல் அவளே மடியில் ஏறிக்கொள்ளட்டும் என்று. உன் மனைவி இதைச் சொல்லும்போது நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

போன் எடுக்கிற வேலை என்றால் சும்மா வேலை இல்லை என்றும் அவள்தான் சொன்னாள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் எடுத்துப் பேச வேண்டுமாம், ஆள் வந்து திறக்கும்வரை. தம்பி, அந்த இருட்டுப் பெட்டிக்குள் நிற்கிறவருக்கு, லிஃப்ட் விழாது, காற்று வரும், பயப்படாதீர்கள் என்று சொல்ல வேண்டியது யார்? எழுதி வைத்ததைப் படித்துக் காட்டுகிற ஒருவரா, அந்த லிஃப்டின் தலைமேல் ஏறி நின்று வேலை பார்த்த நீயா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உன் வாய்க்கு இதுவரை அம்மாவிடம் அடிதான் கிடைத்தது, முதல்முறையாகச் சம்பளம் கிடைக்கப் போகிறது, அதை ஏன் கெடுத்துக்கொள்கிறாய்?

ஒரு வாரம் போய் உட்கார்ந்து பார். மறுபடி லிஃப்ட் ஏறுவதற்கு அது தடை இல்லை, அதுவும் வழியில் ஒரு படிதான். இதை உன் கம்பெனியிலும் எழுதி வாங்கிக்கொள், கை தேறத் தேற வேலையை மாற்றித் தர வேண்டும் என்று. கேட்பதற்கு வெட்கப்படாதே. கேட்கத்தான் எங்களைப் போன்றவர்களை வைத்திருக்கிறார்கள். உங்கள் கம்பெனியிலும் ஒருவர் இருப்பார், விசாரித்துப் பார்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம். கைப்பயிற்சியை விடாதே.

அன்புடன்,
அக்கா


புதன், மாலை

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இரண்டு வாரம் காக்க வைத்துவிட்டு, போன சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. அத்தான் முதலில் பிரித்துப் படித்துவிட்டார், அதற்காக அவரோடு ஒரு சண்டையும் ஆயிற்று. குழாய்க்குக் கடைசியில் ஆள் வந்து சரிசெய்தான். என்ன கெட்டிருந்தது என்று கேட்டேன். ஒன்றும் கெடவில்லை, யாரோ சரிசெய்திருக்கிறார்கள் என்றான்.

ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் எழுதியதற்குச் சந்தோஷம். சாவி, இரண்டு கையும் சேர்த்தால் முடிகிறது. பொத்தான் முடியவில்லை. செம்பு நழுவுகிறது. மகளை இடது கையால் தூக்கப் பழகிக்கொண்டிருக்கிறாய். இப்படி எழுது. இதைத்தான் உன் டாக்டரிடமும் சொல். அவர் கேட்கும்போது மட்டும் பெரிய மனிதர் மாதிரி பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடாதே.

அலுவலகத்து நாற்காலி கிறீச்சிடுகிறது என்றும், பக்கத்து மேஜைக்காரர் நாள் முழுவதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறார் என்றும் ஒரு பக்கத்துக்குக் குறைப்பட்டிருக்கிறாய். பிடித்துப்போயிற்று என்று புரிந்துகொண்டேன். உனக்குப் பிடிக்காத இடத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேச மாட்டாய்.

லிஃப்டில் மாட்டிக்கொண்ட அந்தப் பெரியவர் கதையைத்தான் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மூச்சு முட்டுது, செத்துடுவேன் என்று அவர் கத்தினாராம். நீ, "ஐயா, உங்க தலைக்கு மேல ஒரு காத்தாடி ஓடுதா பாருங்க, அத மாட்டினதே நான்தான், நிக்காது" என்றாயாம். அதன் பிறகு ஆள் வரும்வரை, இப்படியா லிஃப்ட் வைப்பீர்கள் என்று உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தாராம். திட்டுகிறவருக்கு மூச்சு நன்றாகவே வருகிறது என்று நீ தைரியமாக இருந்தாயாமே. இதைப் பாடமாகவே வைக்கலாம் தம்பி. எக்ஸ்ரே அம்மாளிடம் சொன்னேன், அவர் இந்த முறை இருமலுக்குப் பின்னால் மறைந்துகொள்ளவில்லை, வாய்விட்டே சிரித்தார்.

கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறாய். "அக்கா, நீ இந்த வேலைலதான இருக்க. மறைக்காம சொல்லு, வெரலு பழையபடி மூடுமா, மூடாதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நாலு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்று எழுது, பாவம், என்றார் அத்தான். அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சொல்கிறவருக்கு அது சுகம். சரியாகாத அன்றைக்குக் கேட்டவர் தன்னைத்தான் நொந்துகொள்வார், நாம்தான் போதுமான அளவு முயலவில்லை போல என்று. அதனால் நீ கேட்டபடி மறைக்காமல் சொல்கிறேன். எனக்குத் தெரியாது. உன் டாக்டருக்கும் இப்போதைக்குத் தெரியாது. கைப்பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் நேராகக் கேள், உண்மைக்கு மிக அருகில் இருப்பவர் அவர்தான். முழுசாக மூடலாம். கொஞ்சம் மூடலாம். இப்படியே நின்றும் போகலாம். நின்றுபோனால் என்ன செய்வது என்பது எனக்குத் தெரியும், அது என் தொழில். உன் கையை வைத்துக்கொண்டு என்னென்ன முடியும் என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிக்கலாம். அதில் மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை.

இவ்வளவும் வேலை தெரிந்தவளாக எழுதியது. அக்காவாக எழுத வேண்டியது தனியாக இருக்கிறது, அது காகிதத்தில் வரமாட்டேன் என்கிறது. அதனால் லீவு கேட்டேன், கிடைத்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை வண்டியில் நான் மட்டும் வருகிறேன். உனக்கும் உன் மனைவிக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வராமல் நீடூழி வாழ வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வருவாய் என்று தெரியும், வராதே என்றால் கேட்க மாட்டாய். வா. பெட்டியை நானே தூக்கிக்கொள்வேன், அதற்காகக் கூச்சப்படாதே. எல்லோரும் பார்க்கிறார்களே என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மட்டும் நிற்காதே, தம்பி. தூரத்திலிருந்து வரும்போதே அக்கா அந்தக் கையைப் பார்க்க வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
அக்கா